சர்க்கரையும் அமிலமும் நொதிகளை என்ன செய்கின்றன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செவிலியர் படிப்பு, ஆய்வகப் படிப்பு மாணவர்கள் ஒரு பக்கம், வீட்டில் சர்க்கரை நோயாளி உள்ளவர்கள் இன்னொரு பக்கம். இரு தரப்பும் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். "சர்க்கரை நோயில் நொதிகள் குறையுமா, கூடுமா?" என்று ஒற்றை வரியில் பதில் எதிர்பார்ப்பவர்களே அதிகம். அப்படி ஒரு பதில் கிடையாது. எந்தத் திசு, எந்த நொதி, எத்தனை மணி நேரம் ஆகிறது என்று கேட்டால்தான் பதில் சொல்ல முடியும்.

நொதியின் வேலை பிஎச் அளவைப் பொறுத்தது என்கிறார்களே, ஏன்?

பிஎச் என்பது அமில-கார அளவுகோல், எண் இறங்கினால் அமிலம் கூடுகிறது என்று பொருள். நொதி என்பது உடம்பின் வேதிமாற்றங்களை நடத்தும், மடிந்து சுருண்ட ஒரு புரதம். அந்த மடிப்புகளுக்குள் ஒரு பள்ளம் இருக்கும். வேதிமாற்றம் நடப்பது அங்கேதான். பள்ளத்தின் சுவரில் உள்ள சில அமினோ அமிலங்கள் ஹைட்ரஜன் அயனியை வாங்கும், விடும். அதிலும் ஹிஸ்டிடின் என்பது பிஎச் 6-க்கும் 7-க்கும் இடைப்பட்ட அளவில் இந்தக் கொடுக்கல் வாங்கலைச் செய்யும். செல்லுக்குள் இருக்கும் பிஎச் கிட்டத்தட்ட 7 முதல் 7.2 வரை. ஆகவே சற்று அமிலம் கூடினாலே ஹிஸ்டிடின்கள் அயனியைப் பிடித்துக்கொள்கின்றன, பள்ளத்தின் மின்னூட்டம் மாறுகிறது, மூலப்பொருள் முன்புபோல் வந்து உட்காருவதில்லை. நொதி அழிந்துவிடவில்லை. பிஎச் திரும்பினால் அதுவும் வேலைக்குத் திரும்பிவிடும். நிரந்தரமாகச் சிதைய இதைவிடப் பெரிய மாற்றம் வேண்டும்.

பிஎச் என்ற அளவுகோலே நொதி ஆராய்ச்சியில்தான் பிறந்தது. கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் மதுவடிப்பு ஆலையின் ஆய்வகத்தில் சோரன்சன் 1909-இல் அதை முன்வைத்தது நொதிகளின் வேகத்தை ஒழுங்காக அளப்பதற்காக. பாடப் புத்தகங்களில் வேதியியல் பாடத்தில் மட்டும் இதை வைத்துவிட்டதால் பலருக்கும் தெரிவதில்லை.

ரத்தத்தின் பிஎச் 7.4-லிருந்து 7.1-க்கு இறங்குவது சின்ன மாற்றம்தானே?

எண்ணைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் இது மடக்கை அளவுகோல், எண் ஒன்று இறங்கினால் அமிலம் பத்து மடங்கு. 7.4-இல் ஒரு லிட்டருக்கு 40 நானோமோல் ஹைட்ரஜன் அயனி, 7.1-இல் சுமார் 80. அதாவது இரண்டு மடங்கு. ரத்த சர்க்கரையோ சோடியமோ ஒரே நாளில் இரண்டு மடங்கானால் எவ்வளவு பதறுவோம்? இயல்பான எல்லை 7.35 முதல் 7.45 வரை, 6.8-க்குக் கீழே உயிர் தங்குவது அரிது.

உடம்பு முழுக்க ஒரே பிஎச்சா?

இல்லை. இரைப்பையில் 2-க்குப் பக்கத்தில், பெப்சினுக்கு அதுதான் வேண்டும். சிறுகுடலில் டிரிப்சினுக்கு 8-ஐ ஒட்டி. செல்லுக்குள்ளேயே கழிவை உடைக்கும் லைசோசோமில் 4.5 முதல் 5 வரை, எரிபொருளை எரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் உட்பகுதியில் 7.8 வரை. எனவே ரத்த வாயுப் பரிசோதனையில் வரும் பிஎச், உடம்பில் உள்ள நொதிகள் அனைத்தும் சந்திக்கும் பிஎச் அல்ல.

சர்க்கரை நோயில் நொதிகளை முதலில் மாற்றுவது எது? அமிலமா, மிகுந்த சர்க்கரையா, இன்சுலின் குறைவா?

இன்சுலின் குறைவு. இதைத் தெளிவாகப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் எளிது. சர்க்கரை ஏறுவதும் அமிலம் ஏறுவதும் அதன் பின்விளைவுகள். அவையும் பிறகு தம் பங்குக்கு நொதிகளைப் பாதிக்கின்றன.

கல்லீரலில் தொடங்குவோம். உணவுக்குப்பின் வரும் குளுக்கோஸைப் பிடித்துவைப்பது குளுக்கோகைனேஸ் என்ற நொதி. கல்லீரல் செல் இந்த நொதியைச் செய்யவே இன்சுலினின் உத்தரவு வேண்டும். உத்தரவு வராவிட்டால் நொதியின் அளவே குறைகிறது. இதே நேரத்தில் எதிர்த்திசையில் குளுக்கோஸைத் தயாரித்து வெளியே அனுப்பும் பெப்சிகே, குளுக்கோஸ்-6-பாஸ்படேஸ் ஆகிய நொதிகள் கூடுகின்றன, ஏனென்றால் அவற்றை அடக்கிவைத்ததும் இன்சுலின்தான். இரவெல்லாம் ஒன்றும் சாப்பிடாமல் காலையில் பார்த்தாலும் சர்க்கரை 180 என்று காட்டுவதற்கு இதுவே முக்கியக் காரணம். "நேத்து ராத்திரி ரெண்டு இட்லிதான் சாப்பிட்டேன்" என்பவர் பொய் சொல்லவில்லை. அந்தச் சர்க்கரையில் பெரும்பகுதி அவருடைய கல்லீரல் செய்தது.

தசையில் கதை வேறு. அங்கே குளுக்கோஸைச் சேமித்துவைக்கும் கிளைக்கோஜன் சிந்தேஸ் மந்தமாகிறது. குளுக்கோஸை எரிக்க வழிவிடும் பைருவேட் டிஹைட்ரோஜனேஸ் என்ற நொதியின்மேல் பாஸ்பேட் ஏற்றி அதை அணைத்துவைக்கும் இன்னொரு நொதி, பிடிகே4, கூடுகிறது. விளைவு, தசை குளுக்கோஸை எரிக்காமல் கொழுப்பை எரிக்கிறது. சுற்றிலும் சர்க்கரை மிதந்தும் அதற்குப் பயனில்லை.

கொழுப்புத் திசுவில் இரண்டு லைபேஸ்களைப் பார்க்க வேண்டும், இவை எதிரெதிர்த் திசையில் போகின்றன. செல்லுக்குள் இருக்கும் ஹார்மோன்-உணர் லைபேஸ் தட்டிக்கேட்க ஆளின்றி வேகமெடுத்து, சேமித்த கொழுப்பை உடைத்துக் கொழுப்பமிலமாக ரத்தத்தில் விடுகிறது. ரத்தக் குழாய்ச் சுவரில் அமர்ந்து ரத்தத்தின் டிரைகிளிசரைடு கொழுப்பை உள்ளே எடுக்க உதவும் லிப்போபுரோட்டீன் லைபேஸோ குறைகிறது. கட்டுப்பாடில்லாத சர்க்கரையோடு டிரைகிளிசரைடும் எகிறுவது இதனால்தான். "லைபேஸ் கூடுமா குறையுமா" என்று தேர்வில் கேட்டால் எந்த லைபேஸ் என்று திருப்பிக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

அப்படியானால் அமிலம் எப்போது வருகிறது?

கொழுப்பமிலம் வெள்ளமாகக் கல்லீரலுக்கு வரும்போது. கல்லீரல் அதிலிருந்து கீட்டோன் என்ற எரிபொருளைச் செய்யும். வந்ததெல்லாம் கீட்டோனாகிவிடாது, மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நுழைய சிபிடி1 என்ற நொதி வாசல்காரர்போல் நிற்கிறது. நன்றாகச் சாப்பிட்டு இன்சுலின் இருக்கும் நேரத்தில் மலோனைல்-கோஏ என்ற மூலக்கூறு இந்த வாசலை அடைத்துவைக்கும். டல்லஸில் மெக்கரி, ஃபாஸ்டர் ஆகியோர் 1970-களின் பிற்பகுதியில் கண்டறிந்தது இது. இன்சுலின் இறங்கி, அதற்கு எதிர்வேலை செய்யும் குளுக்ககான் ஹார்மோன் ஏறினால் மலோனைல்-கோஏ செய்யும் நொதி அணைந்துவிடும், வாசல் திறந்துவிடும். உள்ளே போன கொழுப்பமிலம் அசிடோ அசிடேட்டாகவும் பீட்டா ஹைட்ராக்ஸி பியூட்டிரேட்டாகவும் வெளியே வருகிறது. இரண்டுமே அமிலங்கள்.

கல்லீரல் இவற்றைச் செய்யுமே தவிர பயன்படுத்தாது. அதற்கான நொதி கல்லீரலில் இல்லை. மூளை, இதயம், தசை எரிக்கும். எரிப்பதைவிடச் செய்வது அதிகமானால் அமிலத்தை ஆற்றும் காரமான ரத்தத்தின் பைகார்பனேட் கரைகிறது, பிஎச் இறங்குகிறது. அதுதான் கீட்டோஅசிடோசிஸ், மருத்துவமனையில் டி.கே.ஏ. என்பார்கள். பிஎச் 7.3-க்குக் கீழே அல்லது பைகார்பனேட் 18-க்குக் கீழே, அதோடு ரத்த கீட்டோன் 3 மில்லிமோல் அல்லது அதற்கு மேல் என்பது இப்போதைய அளவுகோல். நோயாளி ஆழமாகவும் வேகமாகவும் மூச்சுவிடுவார். அடால்ஃப் குஸ்மால் 1874-இல் விவரித்ததால் அந்த மூச்சுக்கு அவர் பெயர். மூச்சுத் திணறல் என்று நினைத்து ஆஸ்துமா மருந்து கொடுப்பவர்கள் உண்டு. அது நுரையீரல் நோயல்ல. கரியமில வாயுவை வெளியேற்றி அமிலத்தைச் சமாளிக்க உடம்பு செய்யும் வேலை.

அமிலம் ஏறியபின் திசுக்களில் என்ன நடக்கிறது?

முதல் அடி பாஸ்போஃப்ரக்டோகைனேஸுக்கு. குளுக்கோஸை உடைக்கும் பாதையில் வேகத்தை நிர்ணயிக்கும் நொதி இது, அமிலத்துக்கு மிகவும் கூச்சப்படும். ஆகவே இன்சுலின் வந்துசேர்ந்தாலும் அமிலத்தில் ஊறிய தசை குளுக்கோஸை மெதுவாகத்தான் எரிக்கும். அசிடோசிஸே இன்சுலினுக்கு எதிர்ப்பையும் உண்டாக்குகிறது. இதயத் தசையின் சுருங்கும் பலம் குறைகிறது, ரத்த அழுத்தத்தைத் தூக்கிப்பிடிக்கும் அட்ரினலின் வகை ஹார்மோன்களுக்கு அது முன்புபோல் பதில் சொல்வதில்லை.

சிவப்பணுவில் நடப்பது கொஞ்சம் நுணுக்கம். அமிலம் ஹீமோகுளோபினைத் தளர்த்தி ஆக்சிஜனை எளிதாக விடவைக்கும், இது நல்லது. ஆனால் சில மணி நேரத்தில், அமிலம் காரணமாக சிவப்பணு, ஆக்சிஜனை விடவைக்க உதவும் 2,3-பிபிஜி என்ற பொருளைச் செய்வது குறைகிறது. அதனால் ஹீமோகுளோபின் ஆக்சிஜனை இறுக்கிப் பிடிக்கப் பார்க்கும். இரண்டும் ஏறக்குறைய சமன்செய்துகொள்ளும். இப்போது பிஎச்சை மட்டும் நாம் அவசரமாக ஏற்றிவிட்டால்? அமிலம் ஆக்சிஜனை விடவைத்த அந்த உதவி போய்விடும். 2,3-பிபிஜி பழைய அளவுக்கு வர ஒரு நாளுக்கு மேலாகும். இடைப்பட்ட நேரத்தில் திசுக்களுக்கு ஆக்சிஜன் கிடைப்பது குறையலாம்.

அமிலம் எல்லா நொதிகளையும் மந்தப்படுத்தும் என்று எழுதலாமா?

எழுதக்கூடாது. சிறுநீரகம் இதற்கு நேர் எதிர்.

ரத்தத்தில் அமிலம் கூடினால் சிறுநீரகக் குழல்களின் முதல் பகுதியில் குளூட்டமினேஸ் என்ற நொதி கூடுகிறது. குளூட்டமினிலிருந்து அம்மோனியாவைப் பிரித்தெடுக்கும் நொதி அது. அந்த அம்மோனியா ஹைட்ரஜன் அயனியைக் கட்டிக்கொண்டு அம்மோனியமாகச் சிறுநீரில் போகிறது. உடம்புக்குப் புதிய பைகார்பனேட் கிடைக்கிறது. சாதாரண நாளில் 30-40 மில்லிமோல் அம்மோனியம் வெளியேறும். நீடித்த அசிடோசிஸில் அது பல மடங்காகி 200, 300 வரை போகக்கூடும். உடனே நடந்துவிடாது, முழு வேகத்துக்கு வரச் சில நாட்கள் பிடிக்கும். நொதி எப்படிக் கூடுகிறது என்று எலிகளில் ஆராய்ந்திருக்கிறார்கள்: அமிலச் சூழலில் குளூட்டமினேஸைச் செய்யும் குறிப்பை ஏந்திய ஓலையான எம்ஆர்என்ஏ சீக்கிரம் சிதையாமல் நீடிக்கிறது, அதனால் அதே ஓலையிலிருந்து அதிக நொதி உருவாகிறது.

கல்லீரலில் பார்த்தோமே, பெப்சிகே? சிறுநீரகத்தில் அந்த நொதியை அமிலம் கூட்டுகிறது. கல்லீரலில் அதைக் கூட்டுவது இன்சுலின் குறைவும் குளுக்ககானும். ஒரே நொதிதான், ஆனால் இரண்டு திசுக்களில் இரண்டு எசமானர்கள். அதனால்தான் திசுவைச் சொல்லாமல் நொதியைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை என்கிறேன்.

அப்பாவுக்கு 20 வருடமாகச் சர்க்கரை. கீட்டோன் இல்லை, ஆனாலும் பைகார்பனேட் குறைவு என்று சோடா மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். ஏன்?

சிறுநீரகம் பழுதாகும்போது மேலே சொன்ன அம்மோனியா வேலை குறைகிறது. சர்க்கரை நோயாளிகள் சிலருக்கு இதில் இன்னொரு சிக்கலும் சேரும்: பொட்டாசியத்தை வெளியேற்ற உதவும் ரெனின், ஆல்டோஸ்டிரோன் ஆகியவை குறைந்து பொட்டாசியம் ஏறும், ஏறிய பொட்டாசியமே அம்மோனியா உற்பத்தியை அமுக்கும். நான்காம் வகை குழல் அமிலநோய் என்பது இது. தினமும் கொஞ்சம் அமிலம் தங்கிப்போகும்.

லேசான அமிலம்தானே என்று விட்டுவிட முடியாது. தசைப் புரதத்தை உடைக்கும் புரோட்டியசோம் அமைப்பையும், கிளைச்சங்கிலி அமினோ அமிலங்களை எரிக்கும் நொதியையும் அசிடோசிஸ் தூண்டிவிடும். மாதக்கணக்கில் போனால் தொடை, தோள் தசைகள் வற்றும். எலும்பைக் கரைக்கும் செல்கள் சுறுசுறுப்படையும். சோடியம் பைகார்பனேட் மாத்திரை கொடுப்பது இதைத் தடுக்க. சமையல் சோடாவைக் கரண்டியால் அள்ளிக் குடிப்பது இதற்கு மாற்றல்ல. சோடியம் எவ்வளவு உள்ளே போகிறது என்று தெரியாமல் கால் வீங்கி வந்து நிற்பார்கள்.

டி.கே.ஏ.வில் அமிலம்தான் பிரச்சினை என்றால் பைகார்பனேட்டை ஏற்றிவிட்டால் முடிந்ததே?

இன்சுலினும் உப்பு நீரும் பொட்டாசியமும்தான் சிகிச்சை. இன்சுலின் உடம்புக்குள் போனதும் கொழுப்பை உடைக்கும் லைபேஸ் அடங்கும், சிபிடி1 வாசல் மூடும், கீட்டோன் உற்பத்தி நிற்கும், இருக்கும் கீட்டோன் எரிந்து பைகார்பனேட்டாக மாறும். நோயின் வேரே நொதிகளில் இருக்கும்போது வெளியிலிருந்து காரம் ஊற்றுவதால் பெரிய பலன் வராது. பொட்டாசியம் ஆபத்தாக இறங்கலாம். மூளைத் தண்டுவட நீரில் அமிலம் கூடவும் செய்யலாம். ஆகவே பெரியவர்களுக்கு பிஎச் 7-க்கும் கீழே போனால்தான் யோசிக்கிறார்கள். குழந்தைகளுக்கு இன்னும் தயக்கம், மூளை வீக்கத்தின் பயம்.

அவசரப் பிரிவில் அமைலேஸ், லைபேஸ் இரண்டும் உயர்ந்திருந்தன. கணைய அழற்சியா?

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். டி.கே.ஏ.வில் கணையம் நன்றாக இருந்தும் இரண்டும் ஏறுவது உண்டு. அமைலேஸ் பல நேரம் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து வந்ததாக இருக்கும். வயிற்றுவலியும் டி.கே.ஏ.விலேயே வரும் என்பதால் குழப்பம் இரட்டிப்பு. அமிலம் இறங்கியும் வலி இறங்காவிட்டால் ஸ்கேன் அவசியம். டிரைகிளிசரைடு 1000-ஐத் தாண்டியிருந்தால் உண்மையான கணைய அழற்சியைச் சந்தேகிக்க வேண்டும், அப்போது அமைலேஸ் பொய்யாகக் குறைவாகக்கூடக் காட்டும்.

ரத்தம் எடுக்கும்போது சர்க்கரைக்கு மட்டும் சாம்பல் நிற மூடிக் குழாய். ஏன்?

எனக்குப் பிடித்த கேள்வி, நொதியும் அமிலமும் சந்திப்பதைக் கண்ணெதிரே காட்டும் இடம் அது.

குழாய்க்கு வந்தபிறகும் சிவப்பணுக்கள் உயிரோடுதான் இருக்கின்றன, குளுக்கோஸைத் தின்கின்றன. சாதாரணக் குழாயில், அறை வெப்பத்தில், மணிக்கு 5 முதல் 7 விழுக்காடு சர்க்கரை குறைந்துவிடும். கோடையில் இரத்த மாதிரியைப் பையில் போட்டு பைக்கில் தூக்கிக்கொண்டு அலையும் ஊர்களில் இன்னும் அதிகம் குறையும். சாம்பல் மூடிக் குழாயில் உள்ள ஃபுளோரைடு இதைத் தடுக்க வைத்தது. அது ஈனோலேஸ் என்ற நொதியை அணைக்கும். ஆனால் ஈனோலேஸ் குளுக்கோஸ் உடையும் பாதையின் கடைசிக்குப் பக்கத்தில் இருக்கிறது. மேலே உள்ள நொதிகள் இன்னும் கொஞ்ச நேரம் ஓடிக்கொண்டே இருக்கும். எனவே முதல் ஒன்றிரண்டு மணி நேரம் ஃபுளோரைடு இருந்தும் சர்க்கரை இறங்கும். 126 என்று வரவேண்டியது 121 ஆகி, சர்க்கரை நோய் இல்லை என்று ஒருவர் வீட்டுக்குப் போய்விடலாம்.

இதற்குத் தீர்வு அமிலம். சிட்ரிக் அமிலக் கலவை சேர்த்த குழாய்கள் இப்போது இருக்கின்றன. ரத்தம் பட்டதும் பிஎச் 6-க்குக் கீழே இறங்கும், பாதையின் தலைவாசலிலேயே உள்ள ஹெக்சோகைனேஸும் பாஸ்போஃப்ரக்டோகைனேஸும் உடனே நிற்கும். நோயாளியின் தசையில் ஆபத்தான அதே விளைவை இங்கே வேண்டுமென்றே உண்டாக்குகிறார்கள். இந்தக் குழாய் கிடைக்காத இடத்தில் மாதிரியை ஐஸில் வைத்து, அரை மணிக்குள் சுழற்றிப் பிளாஸ்மாவைப் பிரித்துவிட வேண்டும்.

அமிலம் ஏறவே இல்லை, சர்க்கரை மட்டும் வருடக்கணக்கில் அதிகம். அப்போதும் நொதிகள் மாறுமா?

மாறும், மெதுவாக. இன்சுலின் இல்லாமலேயே குளுக்கோஸ் உள்ளே போகும் திசுக்கள் உண்டு: கண்ணின் வில்லை, நரம்பு, சிறுநீரகம். அங்கே ஆல்டோஸ் ரிடக்டேஸ் என்ற நொதி இருக்கிறது. குளுக்கோஸின்மேல் இதற்கு ஆசை குறைவு. சாதாரண அளவில் கண்டுகொள்ளாது. குளுக்கோஸ் குவிந்தால் வேலையைத் தொடங்கி அதை சார்பிட்டாலாக மாற்றும். சார்பிட்டால் செல்லைவிட்டு எளிதில் வெளியேறாது. கூடவே ஆக்சிஜனேற்றத்திலிருந்து செல்லைக் காக்கும் என்ஏடிபிஎச் தீர்ந்துபோகிறது. நரம்பில் சோடியம்-பொட்டாசியம் பம்ப்பாக இயங்கும் நொதியும் தளர்கிறது, சமிக்ஞை மெதுவாகிறது. இந்த ஆல்டோஸ் ரிடக்டேஸைத் தடுக்கும் எபால்ரெஸ்டாட் ஜப்பானிலும் இந்தியாவிலும் கிடைக்கிறது. கால் எரிச்சலுக்குச் சிலருக்குக் கைகொடுக்கும். பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்.

இன்னொன்று, சர்க்கரை நேரடியாகப் புரதத்தில் ஒட்டிக்கொள்வது. இதற்கு நொதியே தேவையில்லை. எச்பிஏ1சி பரிசோதனை அளப்பது ஹீமோகுளோபினில் ஒட்டியதை. நொதிகளும் புரதங்கள்தாமே, அவற்றிலும் ஒட்டும். சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ் என்ற காவல் நொதியில் ஒட்டினால் அதன் செயல்திறன் குறைவது காட்டப்பட்டிருக்கிறது.

கணையக் கல்லால் வந்த சர்க்கரை நோய் என்றார்கள். இதில் நொதி மாத்திரை எதற்கு?

தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் பல காலமாகக் காணப்படும் வகை இது. கேரளத்தில் டாக்டர் கீவர்கீஸ் பெருமளவில் ஆவணப்படுத்தினார். சென்னையிலும் விரிவான ஆய்வுகள் நடந்தன. இளவயதிலேயே வயிற்றுவலி, எக்ஸ்ரேயில் கணையக் குழாயில் கல், பிறகு சர்க்கரை நோய், எண்ணெய் மிதக்கும் மலம். பல நாள் இன்சுலின் ஊசி இல்லாமல் இருந்தும் இவர்களுக்கு டி.கே.ஏ. அரிது. இன்சுலின் செல்கள் கொஞ்சம் மிஞ்சியிருப்பதும், கீட்டோனைத் தூண்டும் குளுக்ககான் செல்களும் சேர்ந்து அழிவதும், உடம்பில் கொழுப்பு குறைவாக இருப்பதும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன.

இங்கே அமில-கார நிலை குடலுக்குள் பிரச்சினையாகிறது. நல்ல கணையம் லைபேஸோடு ஏராளமான பைகார்பனேட்டையும் சுரக்கும். இரைப்பையிலிருந்து வரும் அமிலத்தை அது ஆற்றும். கணையம் கெட்டால் நொதியும் குறைவு, காரமும் குறைவு. பிஎச் 4-க்குக் கீழே லைபேஸ் நிரந்தரமாகச் செத்துவிடும். எனவேதான் நொதி மாத்திரைக்குள் இருக்கும் மணிகளுக்கு அமிலத்தில் கரையாத பூச்சு, பிஎச் 5.5-ஐத் தாண்டினால்தான் திறக்கும். குடலில் காரமே இல்லாவிட்டால் பூச்சு நேரத்துக்குத் திறக்காது. "மாத்திரை போட்டும் மலம் அப்படியே இருக்கு" என்பவர்களுக்கு மருத்துவர் இரைப்பை அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையைச் சேர்ப்பது இதற்காக.

சாப்பாட்டுக்கு நடுவே போட வேண்டும், வெறும் வயிற்றில் அல்ல. மென்று விழுங்கக்கூடாது. இது பன்றிக் கணையத்திலிருந்து எடுக்கப்படுவது. அதில் ஆட்சேபம் உள்ளவர்கள் மருந்துச்சீட்டு எழுதும்போதே மருத்துவரிடம் கேட்டுவிடுவது நல்லது.

சர்க்கரை மாத்திரைகளில் எவை நேரடியாக நொதியைத் தடுக்கின்றன?

அகார்போஸ், வோக்லிபோஸ் ஆகியவை குடல் சுவரில் மாவுச்சத்தையும் சீனியையும் உடைக்கும் நொதிகளைத் தடுக்கும். இவற்றை இன்சுலின் அல்லது இன்சுலினைச் சுரக்கவைக்கும் கிளிமிபிரைடு மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிடுபவருக்குச் சர்க்கரை இறங்கி வியர்த்தால் சீனி, மிட்டாய் கொடுத்துப் பயனில்லை, சீனியை உடைக்கும் நொதிதான் கட்டிப்போடப்பட்டிருக்கிறதே. குளுக்கோஸ் பவுடர் கொடுங்கள். வீட்டில் ஒரு பொட்டலம் எப்போதும் இருக்கட்டும்.

சிட்டாகிளிப்டின், வில்டாகிளிப்டின், டெனெலிகிளிப்டின் தடுப்பது டிபிபி-4 என்ற நொதியை. இன்சுலின் சுரப்பைத் தூண்டும் ஜிஎல்பி-1 ஹார்மோனை ஒன்றிரண்டு நிமிடத்தில் அறுத்துவிடும் நொதி அது.

மெட்ஃபார்மின் உடம்பை அமிலமாக்கும் என்று வாட்ஸ்அப்பில் வந்ததே?

மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள சில நொதிகளை அது மந்தப்படுத்தும், அதனால் லாக்டேட் சற்றுக் கூடலாம். அதன் அண்ணன் ஃபென்ஃபார்மினால் லாக்டிக் அசிடோசிஸ் வந்து அமெரிக்காவில் 1977-இல் விலக்கினார்கள். அந்தப் பழி இதன்மேலும் ஒட்டிக்கொண்டது. சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்கு மிக அரிது. சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று காட்டும் ஈஜிஎஃப்ஆர் 30-க்குக் கீழே போனால் நிறுத்த வேண்டும். கடும் வாந்தி பேதியின்போது மருத்துவரைக் கேட்டு நிறுத்திவைக்க வேண்டும்.

சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போடுபவர்கள்தான் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். சர்க்கரை 160, 180 என்று சாதுவாகக் காட்டும்போதே டி.கே.ஏ. வரக்கூடும், அமெரிக்க மருந்து நிர்வாகம் 2015-இல் எச்சரித்தது. நீண்ட விரதம், அறுவைச் சிகிச்சை, காய்ச்சலோடு சாப்பிடாமல் கிடப்பது எல்லாம் ஆபத்து நேரங்கள். அறுவைச் சிகிச்சைக்கு மூன்று நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். குமட்டல், வயிற்றுவலி, ஆழமூச்சு இருந்தால் "சுகர் நார்மல்தானே" என்று வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள், கீட்டோன் பார்க்கச் சொல்லுங்கள்.

காரம் மிகுந்தால்?

அதுவும் நல்லதல்ல. பாஸ்போஃப்ரக்டோகைனேஸ் வேகமெடுத்து லாக்டேட் கூடும், அயனி நிலைக் கால்சியம் இறங்கி விரல்கள் மரத்து இழுக்கும். நாள்பட்ட சர்க்கரையால் இரைப்பை மந்தமாகி ஓயாமல் வாந்தி எடுப்பவர்களிடம் பார்க்கலாம். வாந்தியால் வந்த காரமும் கீட்டோன் அமிலமும் சேர்ந்து பிஎச்சை 7.4-இல் நிறுத்திவைத்து ஏமாற்றுவதும் உண்டு. ரத்த உப்புகளின் வித்தியாசமான ஆனயன் கேப் கணக்குப் போட்டால் பிடிபடும்.

எலுமிச்சைச் சாறு, கார நீர் குடித்தால் ரத்தம் காரமாகி நொதிகள் சரியாகுமா?

ஆகாது. நுரையீரல் ஒரு நாளில் ஏறத்தாழ 15,000 மில்லிமோல் கரியமில வாயுவை வெளியேற்றுகிறது. சிறுநீரகம் உணவிலிருந்து வரும் மிச்ச அமிலம் 70 மில்லிமோல் அளவுக்குக் கழிக்கிறது. ஒரு பாட்டில் கார நீர் இரைப்பை அமிலத்தைத் தொட்டதும் அதன் கதை முடிந்தது. சிறுநீரின் பிஎச் மாறும். அதைக் காட்டித்தான் விற்கிறார்கள். காய்கறி நிறைய சாப்பிடுங்கள், அதற்கு வேறு நல்ல காரணங்கள் இருக்கின்றன. ஆனால் இன்சுலினை நிறுத்திவிட்டுக் கார நீர் குடிப்பது டி.கே.ஏ.வுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பது.

டி.கே.ஏ.வுக்குச் சிகிச்சை நடக்கிறது, ஆள் தெளிவாகிவிட்டார். ஆனால் சிறுநீரில் கீட்டோன் முன்பைவிட அதிகம் என்கிறார்கள். மோசமாகிறதா?

பெரும்பாலும் இல்லை. சிறுநீர்ப் பட்டை அசிடோ அசிடேட்டை மட்டுமே காட்டும். நோய் முற்றிய நேரத்தில் கீட்டோனில் பெரும்பங்கு பீட்டா ஹைட்ராக்ஸி பியூட்டிரேட். பட்டைக்கு அது தெரியாது. சிகிச்சை பலித்ததும் பீட்டா ஹைட்ராக்ஸி பியூட்டிரேட் டிஹைட்ரோஜனேஸ் என்ற நொதி அதைத் திரும்ப அசிடோ அசிடேட்டாக மாற்றத் தொடங்கும், பட்டையின் நிறமும் அடர்ந்துகொண்டே போகும். விரல் நுனி ரத்தத்தில் கீட்டோன் பார்க்கும் கருவியின் பட்டையில் பூசியிருப்பது இதே நொதியைத்தான். அது பீட்டா ஹைட்ராக்ஸி பியூட்டிரேட்டை நேராக அளக்கும். எனவே சிகிச்சையைப் பின்தொடர அந்தக் கருவியின் எண்ணையும் ரத்தத்தின் பைகார்பனேட்டையும் பாருங்கள், சிறுநீர்ப் பட்டையை அன்றைக்கு ஒதுக்கிவையுங்கள்.